வாளும் மேழியும்

மதுரையிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை, கோவில்பட்டியையும் கடம்பூரையும் கடந்து, கரிசற்காட்டின் ஊடே ஓடி மணியாச்சியை அடைகின்றது. அங்கு அது இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் மற்றொரு கிளை திருநெல்வேலிக்கும் செல்லும். 1911-ஆம் ஆண்டு சூன் 17-ஆம் நாள் வாஞ்சிநாதன் என்னும் இளைஞர், திருநெல்வேலி ஆட்சியராய் இருந்த ஆஷ் என்பவரைச் சுட்டு வீழ்த்தித் தம் உயிரையும் மாய்த்துக்கொண்ட இடம் இந்நிலையமே. அந்நினைவு பற்றி இது வாஞ்சி மணியாச்சி என வழங்கப்பெறுகின்றது.

வரலாற்று நூல்களில் இடம்பெறாத வேறொரு காட்சியையும் இந்நிலையம் நெடுங்காலமாகக் கண்டு வருகின்றது. வடக்கேயிருந்து வண்டி வந்து நிற்கும். கறுப்பு வண்ணம் பூசிய இரும்புப் பெட்டி ஒன்று முதலில் இறங்கும். அதன் பின்னே, நிமிர்ந்த நடையும் ஒட்ட வெட்டிய முடியும் உடைய ஒருவர் இறங்குவார். நிலையத்தில் நிற்கும் ஊர்ப் பெரியவர் எவரேனும் அவரை அடையாளங் கண்டு, “வா தம்பி! விடுமுறையில் வந்தாயா, ஒரேயடியாக வந்துவிட்டாயா?” என்று கேட்பார். “ஒரேயடியாக வந்துவிட்டேன், பெரியப்பா” என்பது விடையாக இருக்கும்.

அவ்விடையில் மகிழ்ச்சி உண்டு. அதனோடு கலந்த அச்சமும் உண்டு. மனைவி மக்களோடு இனிப் பிரிவின்றி வாழலாம் என்பது மகிழ்ச்சி. இத்தனை ஆண்டுகளாக விடியற்காலையில் எழுப்பி, உணவும் உடையும் கொடுத்து, செய்ய வேண்டிய வேலையையும் சொல்லிய படை இனி இல்லையே. நாளைக் காலையில் எழுந்து செய்வது யாது என்பது அச்சம். ஒருவர் படைவீரராக மாறுவதற்குப் படையே பயிற்சி தருகின்றது. படைவீரர் மீண்டும் குடிமகனாக மாறுவதற்கு யார் பயிற்சி தருவார்? இவ்வினா மிகப் பழையது. இதற்கு விடை கண்ட நாடுகள் நலம் பெற்றன. விடை காணாத நாடுகள் இடர்ப்பட்டன.

கரிசற் பகுதியின் இளைஞர்கள் படையை நாடிச் செல்வதற்கு அந்நிலத்தின் இயல்பே முதற் காரணமாகும். கரிசல் மண் மழைநீரை உண்டு பருத்து, ஈரத்தை நெடுநாள் தன்னகத்தே வைத்துக்கொள்ளும்; வெயிற் காலத்தில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஆற்றுப் பாசனமோ வற்றாத கிணறுகளோ மிகுதியாக இல்லாமையால், இங்கு மானாவாரி வேளாண்மையே பெரும்பான்மை. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு முதலியவற்றை விதைப்பர். மழை பொய்த்தால் அவ்வாண்டின் உழைப்பு முழுதும் வீணாகும். தீப்பெட்டித் தொழிலும் நூற்பாலையும் கடலைமிட்டாய்த் தொழிலும் கோவில்பட்டி வட்டாரத்தில் பலருக்கு வாழ்வளிக்கின்றன. எனினும், திங்கள்தோறும் தவறாமல் வரும் ஊதியம் என்பது உழவர் குடும்பத்துக்கு அரிய பொருள். ஆதலின், உடலுரம் வாய்ந்த இளைஞர் பலர் பத்தொன்பது இருபது அகவையிலேயே படையிற் சேர்கின்றனர். நாட்டுப்பற்று அவர்களை அழைக்கின்றது. வீட்டின் வறுமை அவர்களை வழியனுப்புகின்றது. இரண்டும் உண்மையே. ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் கூறுதல் முறையன்று.

தென்னாட்டு இளைஞர் பலர் சேரும் மதராஸ் படைப்பிரிவு 1758-ஆம் ஆண்டில் தோன்றியது; இந்தியப் படையின் மிகப் பழைய பிரிவுகளுள் ஒன்றான இதன் பயிற்சி நிலையம் நீலகிரியிலுள்ள வெல்லிங்டனில் இருக்கின்றது. 1780-இல் தோன்றிய மதராஸ் பொறியாளர் படையின் தலைமையிடம் பெங்களூரு. இப்படைகளில் சேர்வோர் துப்பாக்கி ஏந்த மட்டும் கற்பதில்லை. பாலம் அமைத்தல், கட்டடம் எழுப்புதல், ஊர்தி ஓட்டுதல், பொறிகளைப் பழுது பார்த்தல், கம்பியில்லாத் தந்தியை இயக்குதல், கணக்கெழுதுதல், நோயாளரைப் பேணுதல் எனப் பல தொழில்களுள் ஒன்றைக் கற்கின்றனர். ஒரு சொல்லும் அறியாது சென்ற இந்தியில் சில திங்களிற் பேசவும் பழகுகின்றனர். பஞ்சாபியரும் வங்காளியரும் நாகரும் ஒரே கூடாரத்தில் உறங்க, ஒரே கலத்தில் உணவு பகிர, இந்தியா என்னும் சொல்லின் பொருளை நூல் வாயிலாக அன்றி வாழ்வு வாயிலாக உணர்கின்றனர்.

ஆயினும் படைத்தொழில் முதுமை வரையில் நீடிப்பதன்று. இளமையும் வலிமையும் அதற்கு இன்றியமையாதவை. குறைந்தது 15 ஆண்டுகள் பணியாற்றிய வீரருக்கே ஓய்வூதியம் உரியது. சாதாரண வீரராகச் சேர்ந்தோருட் பெரும்பாலோர் முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து அகவைக்குள் ஓய்வு பெற்றுவிடுகின்றனர். முப்படைகளிலிருந்தும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் இவ்வாறு வெளிவருகின்றனர். பிற பணிகளில் இருப்போர் மேல்நிலைக்கு உயரத் தொடங்கும் அகவை அது. மக்கள் பள்ளியிற் படித்துக்கொண்டிருப்பர், பெற்றோர் முதுமையுற்றிருப்பர், வீடு கட்டுதலும் தங்கையின் திருமணமும் காத்திருக்கும். ஓய்வு என்னும் சொல் அவர்தம் பணிக்குப் பொருந்துமேயன்றி வாழ்வுக்குப் பொருந்தாது.

பழந்தமிழர் வீரரைப் போற்றிய திறம் யாவரும் அறிந்ததே. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலி சூட்டி வழிபட்டனர். கல்லைத் தேர்ந்து காணுதல் முதல் வாழ்த்துதல் வரையில் நடுகல்லின் நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. திருவள்ளுவர் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்களைப் படைக்கென்றே வகுத்தார். போரில் உயிர் நீத்தவரின் குடும்பத்துக்கு அளித்த நிலத்தைக் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்று குறிக்கின்றன. குருதி சிந்தியவன் பொருட்டு அளித்த நிலம் என்பது அதன் பொருள். மாண்ட வீரனை மறவாத மரபு நம்முடையது. மாளாது மீண்ட வீரனைப் பேணுதலோ அதனினும் கடினமானது. கல்லுக்கு ஆண்டிற்கு ஒருமுறை பூச்சூட்டினால் அமையும். உயிரோடு மீண்டவருக்கு நாள்தோறும் உணவும் தொழிலும் மதிப்பும் வேண்டும்.

இதனை முற்காலத்திலேயே உணர்ந்த நாடுகளுள் உரோமாபுரி ஒன்று. அந்நாட்டுத் தளபதியர் ஓய்வு பெற்ற வீரருக்கு நிலம் வழங்குவதாக வாக்களித்துப் படை திரட்டினர். வாக்களித்த தளபதியையே வீரர்கள் தலைவனாகக் கொண்டமையால் உள்நாட்டுப் போர்கள் மூண்டன. அகஸ்தஸ் பேரரசர் இதனை நன்கறிந்து, கி.பி. 6-ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வீரர்க்கென்றே தனிக் கருவூலம் ஒன்றை நிறுவினார். வீரனுக்குரிய கடனைத் தீர்ப்பது தனி மனிதரின் அருளன்று, அரசின் கடமை என்னும் கருத்து அதனால் நிலைபெற்றது.

கடமை தவறியதன் விளைவை அறிய உரோமாபுரி வரையில் செல்ல வேண்டுவதில்லை. மணியாச்சிக்கு வடகிழக்கே சில கல் தொலைவில் பாஞ்சாலங்குறிச்சி இருக்கின்றது. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவர்தம் தம்பி ஊமைத்துரை 1801-இல் மீண்டும் படை திரட்டிப் பொருது, அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் அதே முடிவை எய்தினார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. 1801-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், சென்னை ஆளுநராய் இருந்த எட்வர்டு கிளைவு, தென்பாளையங்களில் மக்கள் போர்க்கருவி வைத்திருத்தலைத் தடை செய்து ஆணை பிறப்பித்தார். வேலும் துப்பாக்கியும் ஒப்படைக்கப்பட்டன.

ஓர் ஆணையினால் ஒரு நாட்டின் படைக்கலம் முழுவதையும் பறித்துவிடலாம். படைக்கலம் ஏந்திய கைக்கு வேறு தொழிலைத் தருதல் ஓர் ஆணையினால் இயலாது. தலைமுறை தலைமுறையாகக் காவலும் போரும் தொழிலாகக் கொண்டிருந்தோர், ஒருநாட் பொழுதில் தொழிலற்றவராயினர். அவர்க்கு ஓய்வூதியம் இல்லை, பயிற்சி இல்லை, பரிவு காட்டுவாரும் இல்லை. இயன்றவர் கரிசலை உழுதனர், இயலாதவர் துன்புற்றனர். அக்காலத்தில் நடு இந்தியாவில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. மராத்தியப் படைகளிலிருந்து கலைந்த வீரர் பலர், பிண்டாரிகள் எனப்பெற்ற கொள்ளைக் கூட்டத்தாரோடு சேர்ந்தனர். ஊர்கள் எரிந்தன. 1817-இல் அவர்கள்மேற் பெரும் போரே தொடுக்க வேண்டியதாயிற்று. பயிற்சி பெற்ற கைகளுக்கு நல்ல தொழில் கிடைக்காவிடில், தீய தொழில் அவற்றைத் தேடிவரும் என்பதற்கு இது சான்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இவ்வினா பேருருக் கொண்டது. அப்போரில் இந்தியப் படையின் தொகை 25 இலட்சத்தை எட்டியிருந்தது. 1945-இல் போர் ஓய்ந்ததும் அவர்களுட் பெரும் பகுதியினர் வீடு திரும்பினர். அப்பொழுது மலபாரும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலின், சென்னை அரசு வயநாட்டுக் காடுகளைத் திருத்தி முன்னாள் படைவீரரைக் குடியேற்றும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அம்பலவயல் அத்திட்டத்தின் நடுவிடமாயிற்று. அங்கு அப்பொழுது தோன்றிய வேளாண்மை நிலையம் இன்று ஆராய்ச்சி நிலையமாக விளங்குகின்றது. அமெரிக்க நாடு வேறொரு வழியை மேற்கொண்டது. 1944-இல் அந்நாடு இயற்றிய சட்டம் ஒன்று, வீடு திரும்பிய வீரரின் கல்விச் செலவை அரசே ஏற்க வகை செய்தது. 1956-ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 78 இலட்சம் பேர் அதனாற் கல்வியும் தொழிற்பயிற்சியும் பெற்றனர். அவர்களுள் 22 இலட்சம் பேர் கல்லூரிகளிற் பயின்றனர். பொறியாளரும் ஆசிரியரும் மருத்துவரும் அவர்களிலிருந்து தோன்றினர். வீரருக்காகச் செலவிட்ட பொருள் நாட்டுக்கே வருவாயாகத் திரும்பியது.

அதே போரின் முடிவில் வேறொரு படையினரும் வீடு திரும்பினர். நேதாஜியின் இந்திய தேசியப் படையில் மலேயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த தமிழர் பெருந்தொகையினராகச் சேர்ந்திருந்தனர். நாட்டு விடுதலைக்காக உயிரைப் பணயம் வைத்த அவ்வீரர்கள், 1947-க்குப் பின்னரும் இந்தியப் படையிற் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. 1972-இல் தொடங்கிய விடுதலை வீரர் ஓய்வூதியத் திட்டத்தினாலேயே பலர் உதவி பெற்றனர். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அவர்கள் தத்தம் உழைப்பையே துணையாகக் கொண்டு வாழ்ந்தனர்.

அவ்வாறு வாழ்ந்தோருள் தலைசிறந்தவர் கேப்டன் இலட்சுமி ஆவார். 1914-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-இல் பட்டம் பெற்ற அவர், சிங்கப்பூரில் மருத்துவராக இருந்தார். 1943-இல் ஜான்சிராணி படைக்குத் தலைமை ஏற்றார். போர் முடிந்து சிறை மீண்ட பின், கான்பூர் நகரில் மீண்டும் மருத்துவத் தொழிலை மேற்கொண்டார். நாட்டுப் பிரிவினையின்போது அகதியராய் வந்தோர்க்கு மருத்துவம் செய்தார். 1971-இல் வங்காளத்து அகதியர் முகாமிலும் பணியாற்றினார். தொண்ணூறு அகவை கடந்த பின்பும் ஏழை நோயாளரைப் பார்ப்பதை அவர் விட்டாரல்லர். 2012-ஆம் ஆண்டு சூலை 23-ஆம் நாள் அவர் மறையும் வரையில் கான்பூர் மக்கள் அவரை மருத்துவராகவே அறிந்திருந்தனர். துப்பாக்கி ஏந்திய கை, மீண்டும் நாடி பிடித்துப் பார்த்தது. படைப்பணியும் மருத்துவப் பணியும் அவர் உள்ளத்தில் ஒரே தொண்டின் இரு பகுதிகளாக விளங்கின.

இந்நாளில் ஓய்வு பெறும் வீரர் முற்காலத்தவர் போலத் துணையின்றி விடப்படுவதில்லை. நடுவண் அரசில் மறுவாழ்வுப் பணிக்கென ஓர் இயக்ககம் உண்டு. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. நடுவண் அரசின் கடைநிலைப் பணிகளிலும் எழுத்தர் முதலிய பணிகளிலும், பொதுத்துறை வங்கிகளிலும் அவர்க்கென இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. படையிற் பணியாற்றிய ஆண்டுகளைக் கழித்து அகவையைக் கணக்கிடும் சலுகையும் உண்டு. தமிழ்நாட்டு அரசு 1986-இல் முன்னாள் படைவீரர் கழகம் ஒன்றை நிறுவியது. டெக்ஸ்கோ என வழங்கும் அக்கழகத்தின் வாயிலாகப் பலர் காவலராகவும் ஊர்தி ஓட்டுநராகவும் பணி பெறுகின்றனர். 2003-இல் தொடங்கிய பங்களிப்பு மருத்துவத் திட்டம் அவர்க்கும் குடும்பத்தார்க்கும் சிகிச்சை அளிக்கின்றது. உறுப்பிழந்த வீரர்க்குத் தொழில் கற்பிக்கும் நிலையம் ஒன்று, 1917-ஆம் ஆண்டில் தோன்றி, இன்று புனே நகரை அடுத்த கட்கியில் நடைபெற்று வருகின்றது.

உறுப்பிழந்தமையால் வாழ்விழந்தோமெனக் கருதாதவர்க்கு முரளிகாந்த் பேட்கர் சான்றாவார். மராட்டிய மாநிலத்தவரான அவர் 1965-ஆம் ஆண்டுப் போரிற் குண்டுகள் பாய்ந்து இடுப்பின்கீழ் இயக்கம் இழந்தார். உடல் தேறும்பொருட்டு நீந்தப் பழகிய அவர், 1972-இல் செருமனியின் ஐடல்பர்க்கு நகரில் நடைபெற்ற மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலிற் பொற்பதக்கம் வென்றார். அவ்வகைப் போட்டியில் இந்தியா பெற்ற முதற் பொன் அதுவே.

சட்டங்களும் சலுகைகளும் வழியைத் திறந்துவிடும். அவ்வழியில் நடத்தல் வீரரின் பொறுப்பு. அதற்கு அவர் படையிலிருந்து கொணர வேண்டியவை சில. படையிலேயே விட்டுவர வேண்டியவையும் சில. காலந் தவறாமை, ஏற்ற வேலையை முடித்தல், உடலைப் பேணுதல், சாதியும் மொழியும் பாராது பிறரோடு கலத்தல் என்பன கொணர வேண்டியவை. ஆணையிட்டால் உடனே நடக்கும் என்னும் எண்ணம் விட்டுவர வேண்டியது. பாசறையில் ஒரு சொல்லுக்கு நூறு கால்கள் ஒன்றாக எழும். ஊரில் ஒரு வாய்க்காலைத் தூர் வாருவதற்கு நூறு பேரிடம் நூறுமுறை பேசவேண்டும். வீட்டிலும் அவ்வாறே. ஆண்டுக்கு ஒருமுறை வந்து போன தந்தையைப் பிள்ளைகள் விருந்தினராகவே அறிந்திருப்பர். அவர்தம் அன்பைக் கட்டளையினாற் பெறுதல் இயலாது.

இதனை விளக்க வறண்ட நிலத்து எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். மராட்டிய மாநிலத்தில் இராலேகான் சித்தி என்னும் சிற்றூர் உண்டு. கரிசற் பகுதியினும் குறைந்த மழையைப் பெறும் ஊர் அது. அவ்வூரினரான அண்ணா அசாரே படையில் ஊர்தி ஓட்டுநராகப் பணியாற்றியவர்; 1965-ஆம் ஆண்டுப் போரில் உடனிருந்தோர் மாளத் தாம் உயிர் தப்பியவர். 1975-இல் விடுபட்டு ஊர் திரும்பியபோது, கிணறுகள் வற்றியிருந்தன, விளைச்சல் இல்லை, சாராயம் காய்ச்சுதலே பலருக்குப் பிழைப்பாக இருந்தது. அவர் முதலில் தம் சேமிப்பைக் கொண்டு பாழடைந்த ஊர்க் கோயிலைப் புதுப்பித்தார். பின்னர் ஊராரைத் திரட்டி, சரிவுகளில் வரப்பெடுத்தும் ஓடைகளில் தடுப்பணை கட்டியும் மரம் நட்டும் பெய்த மழையைப் பெய்த இடத்திலேயே நிற்கச் செய்தார். நிலத்தடி நீர் உயர்ந்தது. ஒருபோகம் விளையாத நிலம் இருபோகம் விளைந்தது. அரசு 1990-இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. குடிப்போரைக் கம்பத்திற் கட்டிவைத்து அடித்த செயல் மட்டும் பலருடைய குறைகூறலுக்கு ஆளாயிற்று. மழைநீரைத் தேக்கியது அவர் படையிலிருந்து கொணர்ந்த உழைப்பின் பயன். அடித்துத் திருத்த முயன்றது ஊருக்குப் பொருந்தாத பாசறை வழக்கம். இரண்டையும் பகுத்தறிதல் ஓய்வு பெறும் வீரர் யாவர்க்கும் வேண்டுவதாகும்.

நிலம் உடையோர் உழவுக்குத் திரும்புதல் இயல்பு. 1901-ஆம் ஆண்டு முதல் கோவில்பட்டியில் இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், கரிசலுக்கேற்ற பருத்தி, சோளம், கம்பு முதலியவற்றின் வகைகளை ஆராய்ந்து உழவர்க்கு அளித்து வருகின்றது. வரைபடம் பார்த்துப் பழகிய வீரர்க்கு மண் ஆய்வு அட்டையைப் பார்த்து உரமிடுதல் அரிதன்று. நிலம் இல்லாதோர் கற்ற தொழிலை நாடுவர். விளையாட்டில் தேர்ந்தோர் அதனையே தொழிலாக்கிக் கொள்வதும் உண்டு. ஆக்கி விளையாட்டுக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டியில் தியான்சந்த் என்னும் பெயரை அறியாத சிறுவர் இரார். 1922-இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, படையில் அவ்விளையாட்டைக் கற்று, மூன்று ஒலிம்பிக்குகளிற் பொன் வென்ற அவர், 1956-இல் மேஜராக ஓய்வு பெற்றார். பின்னர்ப் பாட்டியாலா விளையாட்டு நிறுவனத்தில் இளைஞர்க்குப் பயிற்சி அளித்தார். கற்றதைக் கற்பித்தல் அவர்தம் இரண்டாம் பணியாயிற்று.

எல்லார்க்கும் இத்தகைய வாய்ப்பு அமைவதில்லை. எல்லையில் பத்துப் பேருக்குத் தலைவராய் நின்ற அவில்தார் ஒருவர், நகரத்து வங்கியின் வாயிலிற் காவலராக நிற்கின்றார். உள்ளே செல்வோர் அவரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. இஃது அவர்க்கு வருத்தம் தராதா? தரும். பலர் அதனை வாய்விட்டுக் கூறுவதில்லை. எனினும், எல்லையிற் காத்தது நாட்டின் நிலம், இங்குக் காப்பது மக்களின் சேமிப்பு எனத் தம்மைத் தேற்றிக்கொண்டு நேர்மையாகத் தொழில் செய்வோர் பலர். தொழிலில் இழிவு இல்லை. தொழில் செய்வாரை மதியாமையிலேயே இழிவு இருக்கின்றது. அவர்தம் திறனை அறியாது வாயிற்காவல் ஒன்றே அவர்க்கு உரியதெனக் கருதுவதும் நம் குறையே.

பணிக்கொடையாகக் கிடைக்கும் பெருந்தொகை வேறோர் இடர்ப்பாடு. பொருளைப் பழகாத கையில் ஒரே நாளில் வந்து சேரும் அத்தொகையை நாடி, மிகுந்த வட்டி தருவோம் என்பாரும் கூட்டு வாணிகம் செய்வோம் என்பாரும் வருவர். பகைவனைத் தொலைவிலேயே அறியப் பயின்ற கண், நண்பனைப் போல வரும் வஞ்சகனை அறியத் தவறிவிடும். முதலாண்டில் அத்தொகையைத் தொடாது வைத்திருத்தலே அறிவுடைமை.

மாலை வேளையில் ஊர்ச் சாவடியில் முன்னாள் வீரர் இருவர் மூவர் கூடினால், பேச்சு படையை நோக்கியே செல்லும். ஊரார் அவர்களைப் பட்டாளத்தார் என்றே அழைப்பர். பனிமலையின் குளிரும், வீட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்த நாட்களும், பொங்கலைக் காணாது கழித்த ஆண்டுகளும் அப்பேச்சில் வரும். போர்க்களத்தில் தாம் செய்த வீரச்செயலைக் கூறுவோர் அரியர். உடனிருந்த தோழனைப் பற்றிக் கூறுவோரே பலர். அத்தோழன் பெயர் வந்ததும் பேச்சு நிற்பதும் உண்டு. போரைக் கண்டவர் அதனைப் பெருமையாகப் பேச விரும்புவதில்லை. சிலர்க்கு உறக்கத்திலும் அந்நினைவு வந்து வருத்தும். திடீரென எழும் வெடியோசை உடலை நடுங்கச் செய்யும். இதனைக் கோழைமை என்று எள்ளுதல் அறியாமை. உடற்புண்ணைப் போலவே இதுவும் மருத்துவத்துக்குரிய உள்ளப்புண் என்பதை இக்கால மருத்துவர் நன்கு தெளிவித்துள்ளனர்.

“திரும்பவும் இளமை வந்தால் படைக்குப் போவீர்களா?” என்று இளைஞர் கேட்பதுண்டு. பெரும்பாலோர் போவோம் என்றே கூறுவர். அவர்களே தம் மக்களைப் பற்றிப் பேசுங்கால், “அவன் முதலில் நன்றாகப் படிக்கட்டும்” என்பர். இவ்விரு விடைகளும் முரண்பட்டவை அல்ல. தாம் செய்த பணியில் அவர்க்குப் பெருமிதம் உண்டு. அதற்குக் கொடுத்த விலையும் அவர் நினைவில் உண்டு.

இவ்வினா வருங்காலத்தில் இன்னும் இளையோரைச் சாரும். 2022-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற அக்னிபத் திட்டத்தின்படி சேர்வோர் நான்கு ஆண்டுகள் பணியாற்றுவர். அவர்களுள் நூற்றுக்கு 25 பேர் வரையில் நிலையான பணியிற் கொள்ளப்படுவர். மற்றையோர் ஒரு தொகையுடன் விடுபடுவர். அவர்க்கு ஓய்வூதியம் இல்லை. நாற்பதில் எழுந்த வினா இனி இருபத்தைந்துக்குள்ளேயே எழும். ஆதலின், படைக்குச் செல்ல விரும்பும் மாணவர் கல்வியை இடையில் நிறுத்தாமல், ஒரு தொழிலையும் கற்றுக்கொண்டு செல்லுதல் நன்று. உடலுரம் படையிற் சேர்க்கும். கல்வி படையிலிருந்து வந்த பின்னும் துணைநிற்கும்.

ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. 1949 முதல் இவ்வழக்கம் நடைபெற்று வருகின்றது. பள்ளிகளில் சிறு கொடிகளைக் கொடுத்து நிதி திரட்டுவர்; அந்நிதி படைவீரர், முன்னாள் படைவீரர், அவர்தம் குடும்பத்தார் ஆகியோரின் நலத்துக்குச் செலவிடப்படும். மாணவர் கொடுக்கும் காசு சிறிதாக இருக்கலாம். அக்கொடியைச் சட்டையிற் குத்திக்கொள்ளும்போது, தம் தெருவிலேயே வாழும் முன்னாள் வீரர் ஒருவரை நினைத்து, அவரை அணுகி, அவர் சென்ற இடங்களையும் கண்ட மக்களையும் பற்றிக் கேட்டறிந்தால், அக்காசினும் பெரிய கொடை அதுவாகும். ஏனெனில், அவர் நாடு முழுவதையும் காவல் செய்து திரும்பியவர்; தம் ஊரில் தாம் அயலாராய் இருத்தலையே அவர் அஞ்சுகின்றார்.

மணியாச்சியில் வண்டி இன்றும் வந்து நிற்கின்றது. இரும்புப் பெட்டி இறங்குகின்றது. “ஒரேயடியாக வந்துவிட்டேன், பெரியப்பா” என்று அவர் சொல்லும்பொழுது, “நல்லது தம்பி, உனக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது” என்று ஊர் விடை கூறுமானால், அவர் அச்சம் அங்கேயே நீங்கும். வாளை வைத்துவிட்டு வந்தவர் கையில் மேழியை எடுத்துக் கொடுப்பது, அவரால் காக்கப்பட்ட ஊரின் கடமை ஆகும்.